பனி உருகும்வரை

பின்சீட்டை மடக்கிக் கம்பளி விரித்து வைத்திருந்தேன்.
ஹாகன் ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்தான்:
மானுக்கு ஒன்று, நரிக்கு ஒன்று,
அப்பன் விட்டுப்போன இரட்டைக்குழல்.
திறந்து திறந்து காட்டினான்.
வெறுங்குழல். அந்தப் பக்கம்
காசளவு வயோமிங் வானம்.

போல்ட் இரண்டையும் கழற்றி
ஒரு காலுறையில் சுருட்டி
என் கோட்டுப் பைக்குள் போட்டான்.
லோரீனின் காலுறை. பூப்போட்டது.
நான் பார்க்காததுபோல்
இரட்டைக்குழலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

உறைகளுக்குப் பூட்டு, சாவி என்னிடம்.
தோட்டாக்கள் காப்பி டப்பாவில், அது தனியாக
முன்னால், என் காலடியில்.

எத்தனை நாளுக்கு என்று கேட்கவில்லை.
"பனி உருகட்டும்" என்றான்.
பிறகு, "ரோடெல்லாம் குழி, மெதுவாய்ப் போ."

பதினெட்டு மைல்.
பெட்ரோல் பங்க்கிலும் நிறுத்தவில்லை.
ஒவ்வொரு குழிக்கும் டப்பா
கிலுகிலுப்பை மாதிரிக் குலுங்கியது.

எங்கள் இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டும்போதே
போன் அடித்தது.
"போய்ச் சேர்ந்தாயா?"
"சேர்ந்தாச்சு. எல்லாம் உள்ளே."
ரொம்ப நேரம் பேச்சில்லை.
மூச்சு மட்டும் கேட்டது.

"சிவப்புப் பசு இன்றைக்கு ராத்திரி
கன்று போடும்போல" என்றான்.
"நான் விழித்திருக்க வேண்டும்."

விழித்திரு ஹாகன்,
நானும் விழித்திருக்கிறேன்.