காவு வரிசை

ஊசிக்குள் இருப்பது மருந்தில்லை.
ஞோரோவில் பொழுது சாயும்போது, பனி இறங்குமுன்,
இளந்தண்டில் கணுவுக்குச் சற்றுக் கீழே
நான் ஏற்றுவது நோயை.
செங்கல் நிறப் பொடி கரைத்த தண்ணீர்,
தண்டுக்கு ஒரு சொட்டு.
முதல் பருவத்தில் கை நடுங்கியது.
இது ஏழாவது.
இப்போது இடுப்பு மட்டும் வலிக்கிறது.

வயலைச் சுற்றி நிற்கும் இந்த ஓர வரிசைக்கு
ஏட்டில் பெயரில்லை.
ஒரு காலத்தில் இருந்ததாம்.
மாவ் மலைச் சரிவு முழுக்க இந்தக் கோதுமைதான்,
அவ்வளவு விளைச்சல், அவ்வளவு பேச்சு.
துரு வந்த வருஷம்
அறுக்கப் போனவர்கள் சட்டை சிவந்து
வெறும் சாக்கோடு திரும்பினார்கள்.
அன்றிலிருந்து இதற்கு ஒரே வேலை:
சாவது.
நேரத்துக்கு, காற்றடிக்கும் திசை பார்த்து,
மற்றவற்றின் மேல் தூவிவிட்டுச் சாவது.

மற்றவை நாலாயிரம்.
ஒவ்வொன்றும் என் காலடியில் இரண்டு எட்டு நீளம்.
குட்டை, நெட்டை, மீசை வைத்தது, மழித்தது,
மெழுகு பூசி நீலம் பாரித்தது,
ஈரானின் உப்பு மண்ணிலிருந்து வந்தது,
மெக்சிகோவில் வாய்க்கால் தண்ணீர் குடித்துச் சொகுசாய் வளர்ந்தது,
எங்கிருந்து என்று உறை கிழிந்துபோனது.

செலிமோ குனிந்து பார்த்துச் சொல்வாள்,
நான் எழுதுவேன்.
அறுபது.
எண்பது.
நாற்பது, இல்லை, இரு, ஐம்பது.
தொண்ணூறு, பாவம், அடித்துவிடு.
ஓர வரிசைக்கு வந்தால் குனியவே மாட்டாள்.
நூறு.
இந்த வயலில் நூற்றுக்கு நூறு வாங்குவது
அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினாலில்
செலிமோ பேசவில்லை.
மண்டியிட்டாள். தண்டை விரலால் தேய்த்தாள்.
வெளிறிய சின்னச் சின்னப் புள்ளிகள்,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
துரு வந்து கதவைத் தட்டியிருக்கிறது.
உள்ளே ஆள் இருந்தும் திறக்கவில்லை.
தஜிகிஸ்தானில் ஏதோ ஆட்டுப்பட்டி வேலியோரம்
யாரோ பொறுக்கிய கதிர் என்றது சீட்டு.

அதற்காகக் கொண்டாடிவிட முடியாது.
அறுப்பில் அது பாதி படுத்துக்கிடந்தது.
அடித்துத் தூற்றினால்
பொக்குப் போக மூன்று கை மணி.
தராசு முள் அசையச் சோம்பல்பட்டது.
பக்கத்து வரிசை அதைப்போல் நாலு மடங்கு.
டாக்டர் கரீமி மணியைக் கடித்துப் பார்த்துச் சொன்னார்:
"விளைச்சலில் கடைசி பெஞ்சு.
தனிப் பையில் போடு."

இனி இதன் மகரந்தம் கொழுத்த ஒன்றின் மேல் விழவேண்டும்.
பிள்ளைகளில் முக்கால்வாசி
தாயின் துருவும் தகப்பனின் சோம்பலுமாய்ப் பிறக்கும்.
கழித்து, மறுபடி கட்டி, மறுபடி ஊசி போட்டு...
எட்டு வருஷம், பத்து வருஷம்.
அதற்குள் தம்பியின் மோட்டார் சைக்கிள் கடன்
அநேகமாகத் தீர்ந்திருக்கும்.

வேலை முடிந்தால் வயல் உடுப்போடு வெளியே விடமாட்டார்கள்.
கொட்டகையில் கழற்றி, உதறி, ஆணியில் மாட்டி,
தலைமுடியைக்கூட நனைத்துக்கொண்டுதான்
மட்டாட்டு ஏறுவேன்.

சாலையின் இரு பக்கமும் கோதுமை.
ஒரே உயரம், ஒரே பச்சை, மைல் கணக்கில்.
"படிய வாரிய தலை மாதிரி என்ன அழகு!"
ஜன்னலோரத்துக் கிழவர் எல்லாரிடமும் சொன்னார்.
நல்ல ரகம்தான். எங்கள் வயலில் இன்னும்
இருபதைத் தாண்டாத ரகம்.
போன பருவம் பத்து.
அதற்கு முன்னால் ஐந்து.

என் கண்ணுக்கு ஓர வரிசைதான் தெரிந்தது.
வயல் எங்கே என்று தேடினேன்.

வீட்டு வாசலில் கிப்லபட் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தான்.
அடுத்த பருவத்து விதை.
என்ன ரகம் என்று கேட்டேன்.
"எல்லாரும் போடுறதுதான். ஏன்?"

கை கழுவப் போனேன்.
சோப்பு போட்டும்
கட்டைவிரல் நகக்கண்ணில்
ஒரு கீற்றுச் சிவப்பு.