பத்து மணிக்கு மேல்

மந்தைவெளியில் கால்வாயை ஒட்டிய
எங்கள் குடியிருப்பில் சுவர்கள் மெலிசு.
மேல்வீட்டு வத்சலாவின் குக்கர் மூன்றாம் விசில் அடித்தால்
நான் போய் என் அடுப்பை அணைத்துவிடுவேன்.

பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்து பதினெட்டு நாள்.
பத்து மணிக்கு மேல் கூடாது என்று
சங்கச் செயலாளர் லிஃப்ட் கதவில் ஒட்டியிருக்கிறார்.
கிட்டார் என்று எழுதவில்லை.
சத்தம் என்று எழுதியிருக்கிறார்.

ஞாயிறுதோறும் நட்சத்திர ஓட்டலில்
போஸா நோவா வாசிக்கிறேன்.
பொங்கலையும் பான்கேக்கையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு
யாரும் கேட்காமல் கேட்கும் இசை.
பெயருக்கு அர்த்தம் கேட்ட வெயிட்டர் பையனிடம்
'புது கெத்து' என்றேன்.
'இதுவா?' என்றான்.

நியாயம்தான்.
அறுபது எழுபது வருடம் புதுசாகவே இருப்பது
யாருக்கும் கஷ்டம்.

ரியோவின் குன்றுச் சரிவுக் குடிசைகளில்
சம்பா வந்தால் தெருவே எழுந்து பின்னால் போகும்.
கீழே, கடலோர அடுக்குமாடியில்
சில இளைஞர்கள் அதை வீட்டுக்குள் கூப்பிட்டார்கள்.
அங்கேயும் சுவர் மெலிசாம்.
அங்கேயும் ஒரு செயலாளர் இருந்திருக்க வேண்டும்.
சம்பா வந்தது
மேளத்தைச் செருப்பு மாதிரி
வாசலில் விட்டுவிட்டு.

அந்தப் பெரிய மேளத்தின் பெயர் சுர்தோ.
அவர்கள் மொழியில் செவிடு என்றும் பொருள்.

பிறகு விமானம் ஏறியது,
ஆங்கிலம் படித்தது, சாக்ஸபோனோடு சுற்றியது,
உலகத்து லிஃப்டுகளில் எல்லாம் ஏறி இறங்கியது.
போன மாதம் இன்டர்நெட் போய் நான் போன் செய்தால்
'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்',
பின்னால் அதே நடை.
இருபத்து மூன்று நிமிடம்
என் பிழைப்பே என்னைக் காக்க வைத்தது.

நேற்று ராத்திரி பதினொன்றரை.
ஜன்னலைச் சாத்தி,
கிட்டாரின் வாயில் பழைய பனியனைத் திணித்து,
குரலை உதடு தாண்ட விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.
கதவைத் தட்டினார்கள்.
மன்னிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திறந்தேன்.

வாட்ச்மேனின் மச்சான் லோகு.
ஐஸ் ஹவுஸில் ஒரு சாவுக்கு அடித்துவிட்டு
வந்து படுத்தவன். காலரில் இன்னும்
ஒரு சாமந்தி இதழ்.

'யாருண்ணே உள்ள மோளம் அடிக்கிறது?'
'யாருமில்லப்பா. கிட்டார்தான்.'
'இல்லண்ணே. மீட்டர் ரூம்ல படுத்திருந்தேன்.
பைப்பு வழியா எறங்குது.
கிட்டாருலாம் கேக்கல.
அடிமோளம் மட்டும்.'

என் வலது கட்டைவிரலைப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருடமாகத் தடித்த தந்தியில்
அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.
உள்ளே விடாத ஒன்றை
யாருக்கும் தெரியாமல்
அது உள்ளே கொண்டுவந்திருக்கிறது,
என்னையும் சேர்த்து யாருக்கும் தெரியாமல்.

'உன்னோடதையும் எடுத்துட்டு வா' என்றேன்.
'மணி இன்னா ஆவுது, தெரியும்ல' என்று சிரித்தான்.

உட்கார்ந்தான். நான் வாசிக்க வாசிக்க
ஒற்றை விரலால் முழங்காலில் தட்டினான்,
சரியான இடத்தில், ஒருமுறைகூடத் தவறாமல்,
என் பனியன் திணித்த கிட்டாரை விடவும் சன்னமாக.
குழந்தை புரளவில்லை.

காலையில் தெருவே அதிர அடித்தவன்
இவ்வளவு மெதுவாக அடிக்க
எங்கே பழகினான்
என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.