பென்சில் காலம்

புளியந்தோப்பில், பழைய பிரசவ வார்டின் பின்கட்டில்
எங்கள் மையம்.
படியேறினால் முதல் மேஜை என்னுடையது.
பெயர், தகப்பன் பெயர், செல் நம்பர், வயது.
டாக்டர் இல்லை நான்.
தேதி கொடுப்பவள்.

வயதை மாதத்தில் சொல்லுங்க என்பேன்.
ரெண்டு இருக்கும் என்பார்கள்,
ஆடி வந்தா முடியுது என்பார்கள்,
ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்னு
எல்லாரும் சொன்னாங்க, அதான் இவ்ளோ நாள்...
என்று பாதியில் நிறுத்துவார்கள்.
நான் விரல்விட்டு எண்ணுவேன்.

ரோஸ்லினின் மகள் ஜெரூஷாவுக்குப் பதினாறு மாதம்.
தலை நிற்கிறது. உட்கார வைத்தால்
ஈரத்துணிபோல் ஒரு பக்கம் சரிகிறாள்.
தெரபிஸ்ட் ஒருவர்தான்,
அவரும் மூன்று மையத்துக்கு ஒருவர்.
ரெஜிஸ்டரைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட
எல்லாப் பக்கமும் நிரம்பியிருந்தது.
பிப்ரவரி இருபது என்று எழுதினேன்.
அப்போது ஜூலை.

ரோஸ்லின் சண்டையில்லாமல் கேட்டாள்,
பால் பாக்கெட் விலை கேட்பதுபோல:
"அதுவரைக்கும் இவ வளராம நிக்கணுமா மேடம்?"

அன்று சாயந்திரம் பூட்டும் முன்
ஸ்கேலை வைத்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
யாரும் அச்சடிக்காத கட்டம்.
இன்று பதினாறு. அன்று இருபத்துமூன்று.
இன்று இருபத்தொன்று. அன்று இருபத்தெட்டு.
இன்று முப்பது. அன்று
முனை உடைந்தது.
பிளேடால் சீவிக்கொண்டு தொடர்ந்தேன்.

என் அண்ணன் கொத்தனார்.
கலவை போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவனை
மேஸ்திரி என்ன திட்டு திட்டுவார்
என்று எனக்குத் தெரியும்.

அஃப்ரித்தின் தேதி வந்தது, அஃப்ரித் வரவில்லை.
போன் போட்டேன்.
கால்வாய் ஓரத்து வீட்டை இடித்துவிட்டு
பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி கொடுத்தார்களாம்.
ரெண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ,
அதுவும் லிஃப்ட் ஓடுகிற நாளாக இருந்தால்.
"பேசுறானா?" என்றேன்.
ஷாஹிதா கொஞ்சம் யோசித்து
"டிவியப் பாத்துக் கத்துறான்" என்றாள்.
அவன் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.
அழிக்கவும் இல்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டார்,
"இது என்ன காலம்?"
"காலம்தான் சார்" என்றேன்.
விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தவர்
பாதிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பதிவேட்டைச் சேதப்படுத்தியதாக
எனக்கு ஒரு மெமோ வந்தது.

மெமோவுக்கு ஐந்து வாரம் கழித்து
வியாழக்கிழமைகளில் கன்னிகாபுரம் அங்கன்வாடிக்கு
சசிரேகா வர ஆரம்பித்தாள்,
ஸ்கூட்டியின் முன்னால் சுருட்டிய பாயோடு.
சத்துமாவு வாங்க வந்தவளையே உட்காரவைத்து
குளிப்பாட்டும்போது எந்தக் கையால் இடுப்பைத் தாங்குவது,
சோறு ஊட்டும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
எத்தனை நேரம் வாயை மூடிக் காத்திருப்பது
என்று சொல்லிக்கொடுக்கிறாள்.
"காத்திருக்கறதுதான் கஷ்டம், அம்மாக்கள்
பிள்ளைக்குப் பதிலா தாங்களே பேசிடறாங்க" என்கிறாள்.

பெரும்பாக்கத்துக்கு இன்னும் யாரும் இல்லை.
மனு எழுதியிருக்கிறேன். மூன்றாவது.

நேற்று ஜெரூஷாவைக் கூட்டிக்கொண்டு ரோஸ்லின் வந்தாள்.
பிப்ரவரி இன்னும் வரவில்லை.
"சும்மா, காட்டத்தான்" என்றாள்.
என் மேஜைமேல் உட்காரவைத்தாள்.
கையை எடுத்தாள்.
ஓடுகிற பஸ்ஸில் கம்பி பிடிக்காமல் நிற்பவள்போல்
கொஞ்சம் ஆடினாள்.
சரியவில்லை.
பிறகு கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் கூட்டி
ரெஜிஸ்டர்மேல் கிடந்த துண்டுப் பென்சிலை எடுத்து
வாயில் வைத்துக்கொண்டாள்.

புதுசு ஒன்று வாங்க வேண்டும்.