வெள்ளிக்கிழமை நூறு ரூபாய்

மீனாட்சி பஜாரில் உள்ளே தள்ளி ஏழாவது கடை.
சிக்கந்தர் தட்டை டியூப்லைட்டுக்கு நேரே
சாய்த்துப் பிடித்துக் காட்டுகிறார்.
"நேத்து ராத்திரி இறங்குனது. கண்ணாடி மாதிரி இருக்கும்."

போன வாரமும் கண்ணாடிதான்.
துவரங்குறிச்சி தாண்டும்போது
கதாநாயகியின் முகம் கட்டம் கட்டமாய் உடைந்து
விராலிமலை வரை ஒன்று சேரவே இல்லை.

முதலாளி தருவது நூறு.
தட்டு ஒன்று முப்பது, மூன்று வாங்கலாம்.
மிச்சம் பத்துக்கு
டீ குடித்தேன் என்றால் நம்ப மாட்டார்.

படம் நல்ல படமா என்று என்னை யாரும் கேட்பதில்லை.
ஒன்பதரைக்கு மாட்டுத்தாவணியில் வண்டி எடுத்தால்
பதினொன்றே முக்காலுக்குத் திருச்சி.
அங்கே ஏறுகிறவர்கள் போர்வையோடு ஏறுவார்கள்,
விளக்கை அணை என்பார்கள்.
அதற்குள் வில்லன் சாக வேண்டும்.

பேய்ப்படம் வேண்டாம்.
கடைசி வரிசைப் பையன்கள் கேட்கத்தான் செய்வார்கள்.
ஆனால் டிரைவர் அழகுமலைக்கு
டிவி இருப்பது தலைக்குப் பின்னால்.
பதினோரு வருடமாய்ப் படங்களைக் கேட்டே வருகிறார்.
யாராவது அலறினால் அவர் கால் பிரேக்குக்குப் போகும்.

அம்மா படுக்கையில் விழுகிற படமும் வேண்டாம்.
ஐப்பசியில் ஒருநாள்
பதினாலாம் சீட்டுக்காரர் எழுந்து வந்து
காதோரம் சொன்னார்: "தம்பி, இதை மாத்திருங்க."
மடியில் எக்ஸ்ரே உறை.
வேறு தட்டு கொண்டுவரவில்லை அன்றைக்கு.
சத்தத்தை மட்டும் குறைத்தேன்.
அந்த அம்மா
ஊமையாகச் செத்தாள்.

காமெடித் தொகுப்பு, நாற்பது காட்சி:
கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.
எங்கே நிறுத்தினாலும் யாரும் திட்டமாட்டார்கள்.
ஆனால் மூன்று வாரமாய் அதே நாற்பது.
மேலூரில் ஏறும் வளையல் வியாபாரி
ஜோக்கை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

சிக்கந்தர் இன்னொன்றை எடுத்தார்,
கொஞ்சம் தயங்கித்தான்.
"தியேட்டர் பிரிண்ட். நடுவுல ஒருத்தன் தலை வரும்.
ஒரு கைப்புள்ள அழும்.
கடைசிப் பத்து நிமிசம் இல்ல,
பிடிச்சவன் எந்திரிச்சு ஓடிருக்கான்.
இருபது குடு."

வாங்கினேன்.

அந்தக் குழந்தை அழுதபோது
வண்டியில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்
எந்த சீட்டில் என்று.
எங்கோ ஒரு தியேட்டரில் யாரோ விசிலடிக்க
எங்கள் கடைசி வரிசை பதிலுக்கு அடித்தது.
அழகுமலை ஹாரனை ஒருமுறை தட்டினார்.
எதற்கென்று நானும் கேட்கவில்லை.

ஆற்றைக் கடந்து, அந்தப் பெண் கையில் சூட்கேசோடு
ஆளில்லாத ஸ்டேசனில் நிற்கிறாள்.
படம் ஆடியது.
ஒரு தரை, ஒரு செருப்பு, நீலத்திரை.
திருச்சி விளக்குகள் தெரிய ஆரம்பித்தன.
"யோவ்" என்றார் ஒருவர், அவ்வளவுதான்.
மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

விடிகாலை கோயம்பேடு.
சாக்குமூட்டையை இறக்கித் தருகிறேன்.
ஒன்பதாம் சீட்டு அக்கா சில்லறை எண்ணியபடி
முகம் பார்க்காமல் கேட்டார்:
"அந்தப் புள்ள வீடு போய்ச் சேந்துச்சா?"

"சேந்துருச்சுக்கா."

ஐந்து ரூபாய் கூடவே கொடுத்தார்.
அந்த ஐந்து ரூபாய்
வெள்ளிக்கிழமை வரை பையில் உறுத்திக்கொண்டிருந்தது.

சிக்கந்தரிடம் கேட்டேன், முடிவு என்ன என்று.
"நானெங்க பாத்தேன்? நான் விக்கிறவன்.
இந்தா ஒரிஜினல் வந்துருச்சு, ஸ்டிக்கர் ஒட்டுனது,
முழுசா இருக்கும். தொண்ணூறு."

ஒரே படம். முதலாளி என்ன சொல்வார் என்று தெரியும்.
அதே சனம் அதே வண்டியில் ஏறப்போவதும் இல்லை.

தட்டை வாங்கி
அவரைப் போலவே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை. என் மூக்கு தெரிந்தது.

"எண்பது" என்றேன்.