பிடங்கில் பதினான்கு வெட்டு

கொம்பனித்தெரு, ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.
கதவைத் திறந்தவர் துவான் கிச்சிலான்,
சாரமும் கண்ணாடியும், கையில் ஆளி எண்ணெய்த் துணியும்.
"இன்ஷூரன்ஸ் மிஸ்தானே? செருப்போடயே வாங்க."

ஒரே அறைக்குள், யாருடையதோ நிலத்துக்கு
மேற்கு என்று பெயர் வைத்த காலம் படுத்திருந்தது.
ஏழு துவக்குகள்.
ஏழுக்கும் அமைச்சின் அனுமதிக் கடிதம்,
ஏழுக்கும் சுடும் ஊசி கழற்றியிருந்தது,
ஏழுக்கும் ஒரே வியாதி: கடல்.

"அங்க நூறு வருசம் புழுதியில கிடந்து ஒண்ணும் ஆகல்ல மிஸ்.
இங்க கரண்ட் வெட்டின காலத்தில
ஈரம் உறிஞ்சுற மெஷின் நிண்டிச்சு,
ஒரே மாசம், குழலுக்குள்ள சிவப்பு."
வீட்டில் மிஞ்சிய சம்பா அரிசியைச் சீலையில் முடிந்து
பெட்டிகளுக்குள் வைத்தாராம்.
மனைவி இரண்டு நாள் பேசவில்லை.
அப்போது அரிசி விற்ற விலை
எனக்கும் நினைவிருக்கிறது.

படிவத்தை விரித்தேன்.
வின்செஸ்டர், எழுபத்து மூன்றாம் மாதிரி.
எண்கோணக் குழல். நெம்புகோல் இறுக்கம்.
தொடரிலக்கம் பாதி தேய்ந்துவிட்டது.
முந்தைய உரிமையாளர்: துறைமுகத்தில் இறங்கிய ஒரு கப்பல் சமையல்காரன்.
அவனுக்கு முன்: தெரியாது.
அதற்கும் முன்: தெரியாது.

வெளிச்சத்தில் காட்டவென்று அவர் திருப்பியபோது
குழல்வாய் என் நெஞ்சைக் கடந்து போனது,
ஒரு நொடி, அவ்வளவுதான்.
என் கை தானாகப் பைக்குள் போய்
அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டது.
பதினைந்து வருசமாய் யாரும் கேட்கவில்லை.
கைக்கு யாரும் சொல்லவில்லைப்போல.

அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.
துவக்கை மேசையில் வைத்து, வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி,
"பிளேன்டீ குடிப்பமா?" என்றார்.

பிடங்கில் வெட்டுகள்.
தடவி எண்ணினேன், பதினான்கு.
வெட்டிருந்தால் விலை ஏறும், எங்கள் தொழிலில் அப்படி.
காட்டெருமையா மனிதனா என்று கேட்க
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
பதினொன்று கறுத்து ஓரம் மழுங்கியவை, ஒரே கை வெட்டியது.
மூன்று மட்டும் இளசு. கோணல்.
பென்சில் சீவும் கத்தியாக இருக்கவேண்டும்.

"அது நான்" என்றார், தேத்தண்ணீரை ஊதிக்கொண்டு.
"ஒன்பது வயசு. மருதானையில கௌபோய்ப் படம் பாத்துட்டு வந்த ராவு.
மொதல்ல கணக்கு வாத்தியார். அடுத்தது என்ட மச்சான் ஃபாரீத்.
மூணாவது..." யோசித்தார்.
"ஆரெண்டு மறந்துபோச்சு."
துவக்கைப் பழுதாக்கியதற்குத் தகப்பன் பெல்ட்டால் அடித்தாராம்.
வாத்தியார் தொண்ணூறு வயது வரை இருந்தார்.

சிரித்தோம். சிரிப்பு அடங்குமுன்னே எழுதினேன்:
பிற்கால வெட்டு மூன்று, போலி, மதிப்பிலிருந்து கழிக்கவும்.
மீதி பதினொன்றும் அசல்.
அந்தச் சொல்லில் பேனா
கொஞ்ச நேரம் நின்றது.

தீ, உண்டு. திருட்டு, உண்டு.
துரு அடங்காது, அது இயல்பான தேய்வு.
"கலவரம்?" என்றேன்.
கேட்டாகவேண்டும், படிவத்தில் இருக்கிறது.
"கட்டணம் கூடவா?"
"கொஞ்சம்."
"போடுங்க" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.