உறவுமுறை என்னும் கட்டம்

கண்ணாடித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம்.
விரல் நுனியில் ரேகை மிச்சமில்லை என்பது
கைரேகை எடுத்த பெண் சொல்லித்தான் தெரிந்தது.
"இன்னொரு தரம் அழுத்துங்க, மிஸ்டர் வென்டல்."
எச்சில் தொட்டுத் தேய்த்தேன், கால்சட்டையில் துடைத்தேன்.
பச்சை விளக்கு எரியவேயில்லை.

பஃபலோவில் அது பிப்ரவரி.
தங்கை மகள் ரோஷெலுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி.
அவள் பையன் கீயன் மூன்று வருடமாக
என் சோபாவில்தான் தூங்குகிறான்.
அப்போதெல்லாம் யாரும் என் விரலைக் கேட்கவில்லை.
இப்போது மணிக்கு இவ்வளவென்று அரசாங்கம் தருமாம்,
பதினாறு பக்கம் நிரப்பினால்.

வீட்டில் துப்பாக்கி உண்டா?
உண்டு. செத்துப்போன அண்ணனுடையது.
போலீஸை வரச்சொல்லி ஒப்படைத்தேன்.
ரசீதில் 'பொருள் ஒன்று' என்று எழுதினார்கள்.
அண்ணனைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

குழந்தைக்கும் உங்களுக்கும் என்ன உறவு?
கீயனுக்கு எழுதிவிட்டேன். சல்வாவுக்கு என்ன எழுத?
மேல்மாடி ஹூரியாவின் மகள், நாலு வயது.
கீரை பொதியும் ஆலைக்கு விடிகாலை நாலரைக்கு ஓடுகிறவள்
போர்வையோடு பிள்ளையை என் கைக்கு மாற்றுவாள்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக ஏழெட்டு வார்த்தைகள்:
காய்ச்சல், பால், பஸ் போச்சு, அப்புறம் நன்றி.
கட்டத்துக்குள் எழுதினேன்:
'என் கூரை அவள் தரை.'
அடித்துவிட்டு 'அண்டைவீட்டார்' என்று போடச் சொன்னார்கள்.
அடித்தேன், படிக்க முடிகிற மாதிரி.

நூலக நிலவறையில் ஒரு சனிக்கிழமை
பிளாஸ்டிக் குழந்தைக்கு மூச்சு கொடுக்கப் பழக்கினார்கள்.
முப்பது அழுத்தம், இரண்டு ஊதல்.
வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்ப
அதை வெறும் மேசையில் விட்டுவர மனசில்லை.
கழுத்துத்துணியால் மூடினேன்.
வீடு வரை குளிர் காதைக் கடித்தது.

சோதனைக்கு வந்தவர் திருமதி ஸ்விடால்ஸ்கி,
அறுபதை நெருங்கிய, முழங்கால் வலிக்காரர்.
கோட்டைக் கழற்றிப்போட்டு
தரையில் தவழ ஆரம்பித்தார்.
நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.
சோபாவுக்கு அடியில் கை விட்டு
ஒற்றைக் காலுறை எடுத்தார், ஒரு காசு, பிறகு
ஒரு மாத்திரை.

என் ரத்த அழுத்த மாத்திரை.
வெள்ளை, உருண்டை, மிட்டாய் போல.

அவர் எதுவும் சொல்லவில்லை. உள்ளங்கையை நீட்டினார்.
மூன்று வருடம் கிடந்ததோ, நேற்று விழுந்ததோ.
அதுவரை அந்தப் பதினாறு பக்கத்தையும்
திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

கடிதம் ஏப்ரலில் வந்தது. அங்கீகாரம்.
ரேகை கடைசிவரை விழவில்லை,
பெயரை வைத்துத் தேடிக்கொண்டார்களாம்.

நாலு மணிக்குத் தலைக்கு மேல் காலடி கேட்கும்.
எழுந்து விளக்கைப் போட்டு
முழங்காலில் இறங்குகிறேன்.
சோபாவின் அடி, அடுப்பின் ஓரம், கதவுச் சந்து.
ஹூரியா படியிறங்குகிற நேரம்
இன்னும் தரையில்தான் இருக்கிறேன்.
கதவு திறந்துதான் கிடக்கிறது, உள்ளே வா.