கட்டம் இல்லாத காரணங்கள்

குத்தாய்சி விமான நிலையத்தில்
இரண்டாம் எண் கவுண்ட்டர் என்னுடையது.
டிக்கெட்டின் விலையைவிட
அதை மாற்றும் விலை அதிகம் என்பதை
ஒரு நாளைக்கு முப்பது தடவை
முகம் மாறாமல் சொல்வது
என் உத்தியோகம்.

அழுதுகொண்டு வருவார்கள்,
ஆஸ்பத்திரிச் சீட்டோடு வருவார்கள்.
ஒருத்தி, நின்றுபோன கல்யாணத்தின் அழைப்பிதழையே
கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.
காரணத்துக்கு என் திரையில் கட்டமில்லை.
பெயர், தேதி, தொகை.
அவ்வளவுதான் அதற்குக் கேட்கத் தெரியும்.

பாத்ரி வந்தது அக்டோபர் ஒன்பது, இரவு பதினொன்று.
விரல் இடுக்குகளில் கத்தரியின் தழும்பு.
காலை ஆறு மணிக்கு டோர்ட்முண்ட் விமானம்;
அங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை.
"பத்து நாள் தள்ளிப் போடணும், மாக்வாலா."
சட்டைப் பட்டையில் என் பெயரைப் படித்துவிட்டு
பழகியவர் போலச் சொன்னார்.
"செப்டம்பர் முழுக்க மழை.
திராட்சைக்கு இன்னும் இனிப்பு ஏறலை.
ஏப்ரலில் டிக்கெட் எடுத்தப்போ
அதுகிட்டே கேட்கத் தோணலை."

டிக்கெட் இருபத்தொன்பது யூரோ.
மாற்ற நாற்பத்தைந்து.
புதுத் தேதியின் கட்டண வித்தியாசம் அறுபத்தெட்டு.
ரத்து செய்தால்?
வரிப்பணம் ஏழு யூரோ திரும்பும்.
அதைத் திருப்பித் தருவதற்கு இருபத்தைந்து.
விரல் விட்டு எண்ணினார்.
"அப்போ நான் வீட்டிலேயே இருக்க
உங்களுக்குப் பதினெட்டு தரணுமா?"
தர வேண்டாம், விட்டுவிடுவோம் என்றேன்.
எங்கள் தாராளம் அந்த அளவுக்கு உண்டு.

நெகிழ்வுக் கட்டணம் என்று ஒன்று இருந்தது,
வாங்கும்போதே பன்னிரண்டு யூரோ கூடுதல்.
அந்தக் கட்டத்தை அவர் தொடவில்லை.
யாரும் தொடுவதில்லை.
ஏப்ரலில் எல்லோருக்கும்
அக்டோபர் தெளிவாகத் தெரிகிறது.

வாசலுக்குப் போய் யாரிடமோ போனில் பேசினார்,
கையை ஆட்டி ஆட்டி.
திரும்பி வந்து ஓர் உறையைப் பிரித்தார்.
உறைமேல் "உரம்" என்று எழுதியிருந்தது.
பதினொன்று நாற்பதுக்கு
உறுதிசெய் என்ற பொத்தானை அழுத்தினேன்.

மூன்று மணிக்கு மூடுபனி.
ரியோனி ஆற்றுப் பக்கமிருந்து வந்து
ஓடுபாதை விளக்குகளை
ஒவ்வொன்றாகத் தின்றது.
நாலே முக்காலுக்கு விமானம் ரத்து.
வானிலை காரணமாக, எந்தத் தேதிக்கும்
கட்டணமின்றி மாறிக்கொள்ளலாம்.
நூற்று அறுபத்தொரு பேருக்கு மாற்றிக் கொடுத்தேன்.
"காசு வேண்டாமா?"
நம்பாமல் இரண்டு முறை கேட்டார்கள்.

பாத்ரியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.
அவர் இப்போது பத்தொன்பதாம் தேதிப் பயணி.
கட்டியது கட்டியதுதான் என்றார் மேற்பார்வையாளர் ஓதாரி,
தலையைத் தூக்காமல்.
பனிக்கு மட்டும்
எப்போதும் வரலாம் போகலாம் என்கிற டிக்கெட்.

சிஸ்டம் தகராறு, விடியட்டும் என்று
ஒரு பொய் சொல்லியிருக்கலாம் நான்.
அன்றைக்கென்று சிஸ்டம்
அருமையாக வேலை செய்தது.

பத்தொன்பதாம் தேதி வந்தார்.
பையில் இரண்டு லிட்டர் பாட்டில்,
புது ஒயின், கலங்கலாக.
நூறு மில்லிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள் என்றேன்.
பெட்டியில் போட்டு அனுப்ப?
இருபத்தெட்டு யூரோ.
அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.
பாட்டிலை என் கவுண்ட்டரில் வைத்துவிட்டு
வரிசையில் போய் நின்றார்,
பெல்ட்டைக் கழற்றியபடி.
பனியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
தெரிந்திருக்கும்.
தெரியாமலும் இருக்கலாம்.

ஷிஃப்ட் முடிந்து, ஊழியர் பேருந்துக்குக் காத்திருக்கையில்
நானும் லமாராவும் காகிதக் கோப்பைகளில் ஊற்றினோம்.
மூடியைத் திருகியதும் சீறியது,
இன்னும் நொதித்து முடியவில்லை.
இனிப்பு ஏறித்தான் இருந்தது.

"நல்லாருக்கே, என்ன விலை இருக்கும்?"
நூற்றுப் பதின்மூன்று யூரோ என்றேன்.
சிரித்துக்கொண்டே
கோப்பையை மறுபடி நீட்டினாள்.